பதப்படுத்திய மாதிரியிலிருந்து ஒட்டுண்ணி ஈயை இனங்காணும் முறை

ஆல்கஹால் குப்பியிலிருந்து எடுத்த ஈயை ஈரத்தோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பெயர் சொல்ல முயலக் கூடாது. ஈரத்தில் உடலின் சாம்பல் பூச்சு மறைந்து, மார்பின் கோடுகள் தெரியாமல் போகும். அதற்காக அப்படியே காற்றில் உலர விட்டால் கண்ணும் வயிறும் சுருங்கிவிடும். 95 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, பின்னர் எத்தில் அசிட்டேட்டில் சில மணி நேரம் ஊறவைத்து உலர்த்தினால் உருவம் கெடாது. ஊசியை மார்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்தினால், இடப்புற முள்மயிர்களாவது சேதமின்றி நிற்கும்.

பெங்களூருவில் பூச்சியியல் பயில்வோர் கைக்கு எளிதில் வருவது, ராமநகரம் பக்கத்துப் பட்டுப்புழு மனைகளிலிருந்து கிடைக்கும் ஊஜி ஈ. 1980 வாக்கில் கர்நாடகத்துக்குள் நுழைந்த இந்த ஈ, எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்னும் டாக்கினிட் இனம், அதாவது டாக்கினிடே என்ற ஒட்டுண்ணி ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டு விவசாயிகளுக்கும் இதன் தொல்லை நன்கு தெரியும். பட்டுப்புழுவின் தோலில் தெரியும் கருந்தழும்பு, முட்டையிலிருந்து வந்த ஈப்புழு உள்ளே துளைத்த இடமாகும்.

முதலில் குடும்பத்தை உறுதி செய்ய வேண்டும். மார்பின் பின்முனையில் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்குட்டெல்லத்துக்குக் கீழே, பக்கவாட்டில் பார்க்கும்போது இன்னொரு புடைப்பு உருண்டு தெரிந்தால் அது டாக்கினிட். இறைச்சி ஈயில் அந்தப் புடைப்பு வளர்ந்திருக்காது; அதன் முதுகில் மூன்று கருங்கோடுகளும், ஊஜி ஈயில் நான்கும் இருக்கும். கோட்டை மட்டும் எண்ணி முடிவு செய்பவர்கள் ஏமாறுவதுண்டு. புடைப்பையே நம்புவது நல்லது. உதிர்ந்த முள்மயிரையும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது, ஏனெனில் அது நின்ற இடத்தில் வட்டமான குழி எஞ்சியிருக்கும்.

இனம்வரை செல்வதற்குப் பெரும்பாலும் ஆண் ஈயின் பிறப்புறுப்பு தேவைப்படும். உலர்ந்த ஈயை ஈர மணல் வைத்த மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்து இளக்கி, வயிற்றைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு விட வேண்டும். சூடாக்கினால் சில நிமிடங்களே போதும்; நான் ஒருமுறை தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் உறுப்புகள் கண்ணாடிபோல் வெளுத்து, ஒன்றுக்கும் உதவாமல் போயின. பிறகு நீரில் அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்து, கிளிசரினில் வைத்து, பக்கவாட்டிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அவற்றைச் சிறு குழாயில் கிளிசரினோடு இட்டு, அதே ஈயின் ஊசியிலேயே செருகி வைப்பது அவசியம்.

ஈ வெளிவந்த கூட்டுப்புழு ஓட்டைத் தூக்கி எறிந்துவிடுவோர் பலர். அதன் பின்முனையிலுள்ள சுவாசத் துளைகளின் அமைப்பும் இனங்காண உதவும். ஆதலால் அதையும் ஜெலட்டின் உறையிலிட்டு அதே ஊசியில் குத்த வேண்டும். சீட்டில் ஊர், தேதி, சேகரித்தவர் ஆகியவற்றோடு, எந்தப் புழுவிலிருந்து ஈ வந்தது என்பதையும் எழுத வேண்டும். பெங்களூருவின் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் போன்ற இடங்களின் மாதிரிகளோடு ஒப்பிடச் செல்லும்போது, அந்த ஒரு வரி பாதித் தேடலைக் குறைத்துவிடும்.