மாம்பிஞ்சு கொட்டுகிறதா? மருந்தைக் கூட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா, செந்தூரா தோப்பு வைத்திருப்பவர்களுக்கு, பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே கொட்டுவது பழகிப்போன தலைவலிதான். அதற்கு என்.ஏ.ஏ. என்ற ஆக்சின் வகை ஹார்மோனைத் தெளிக்கிறோம். அளவு 20 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்குக்கு 20 பங்கு. கடையில் கிடைக்கும் 4.5 சதவீத மருந்து என்றால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 4.5 மில்லி போதும்.

இன்னொரு மூடி சேர்த்து ஊற்றினால் இன்னும் நன்றாக நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் சிக்கல். பிஞ்சிலிருந்து ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை, காம்பு பிரியும் இடத்துச் செல்கள், பிஞ்சை உதிர வைக்கும் எத்திலீன் என்ற ஹார்மோனுக்கு அசையாது. ஆக்சின் குறைந்ததும் அதே செல்கள் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து பிஞ்சை விட்டுவிடும். மரம் தானே உண்டாக்கும் ஆக்சினைச் செல்கள் அமினோ அமிலத்தோடு கட்டிப்போட்டோ, ஆக்சிஜனேற்றம் செய்தோ சீக்கிரம் தீர்த்துவிடும். நாம் தெளிப்பது அவ்வளவு எளிதில் சிதையாது. அது மிஞ்சினால் செல்களே எத்திலீனைக் கூடுதலாக உண்டாக்கிவிடும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் குறைப்பதற்கே இதை அடிக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

மூடியால் அளக்காதீர்கள். மெடிக்கலில் ஒரு சிரிஞ்சு வாங்கி அளங்கள். காலையில் வெயில் ஏறும் முன், இல்லையென்றால் சாயங்காலம் அடியுங்கள். அப்புறம், தண்ணீர் இல்லாமலோ தத்துப்பூச்சியாலோ கொட்டும் பிஞ்சை ஹார்மோன் பிடித்து நிறுத்தாது. அதை முதலில் கவனியுங்கள்.