படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா?

மாதச் சந்தா வேண்டாம் என்று ஒரு ஃப்ரீ டு ஏர் செட்டாப் பாக்ஸ் வாங்கி மாட்டினேன். எல்லாச் சேனலும் நன்றாக வந்தன, ஒரு ஹெச்டி சேனலைத் தவிர. அதில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, சத்தம் துளிகூட இல்லை. டிஷ் மெக்கானிக் வந்து மாடியேறி, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பியைத் திருகிப் பார்த்தார், காசு வாங்கினார், போனார். சேனல் ஊமையாகவே இருந்தது. கோளாறு மாடியில் இல்லையே, பாக்ஸுக்குள் அல்லவா இருந்தது!

சேட்டிலைட் சேனல்களின் ஒலி நெடுங்காலமாக எம்பெக் லேயர் 2 என்ற வடிவில் வருகிறது. அதை எந்த பாக்ஸும் படிக்கும். ஆனால் சில சேனல்கள் டால்பி டிஜிட்டலில், அதாவது ஏசி3 வடிவில் அனுப்புகின்றன. அதைப் பிரித்து, அதாவது சத்தமாக மாற்றிக் கொடுக்கும் வசதி எல்லா மலிவு பாக்ஸிலும் இருப்பதில்லை. அட்டையில் 'ஃபுல் ஹெச்டி' என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு மூலையிலாவது போடத் தோன்றவில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வேறு நாலு சேனல் வைத்துப் பாருங்கள். அவற்றில் சத்தம் வந்தால் வயர், டிவி, டிஷ் எதிலும் குறையில்லை. சிக்னல் குறைவாக இருந்தால் படமும் கட்டம் கட்டமாக உடையும். சத்தம் மட்டும் தனியாகக் காணாமல் போகாது.

அடுத்து, ஊமைச் சேனலில் இருந்தபடியே ரிமோட்டில் 'ஆடியோ' பட்டனை அழுத்துங்கள். அந்தச் சேனலுக்கு எத்தனை ஒலித்தடம் உண்டோ அத்தனையும் வரிசையாக வரும். ஏசி3 தவிர எம்பெக் என்று இன்னொன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஒரே தடம்தான்.

அப்படியானால் பிரிக்கும் வேலையை டிவியிடம் தள்ளிவிடலாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வயரைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ வயர் போடுங்கள். ஏவி வயரில் பாக்ஸ் பிரித்துக் கொடுத்த ஒலிதான் போகும். பிரிக்கத் தெரியாத பாக்ஸில் அது மௌனம்தான். ஹெச்டிஎம்ஐயில் ஒலியைப் பிரிக்காமலே அனுப்பலாம், உறையைக் கிழிக்காமல் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர் போல.

பாக்ஸ் மெனுவில் செட்டிங்ஸ் போய், ஏவி அல்லது ஆடியோ பகுதியில் 'டிஜிட்டல் ஆடியோ' அல்லது 'ஹெச்டிஎம்ஐ ஆடியோ' என்பதைத் தேடுங்கள். பெயர் பாக்ஸுக்கு பாக்ஸ் மாறும். அங்கே பிசிஎம் (பாக்ஸே பிரித்துக் கொடுப்பது) என்று இருப்பதை 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' (பிரிக்காமல் அனுப்புவது) என்று மாற்றுங்கள். எல்இடி டிவிகளில் பலவற்றுக்கு ஏசி3 தெரியும், அதனால் உடனே சத்தம் வந்துவிடலாம். ஒலியளவை மட்டும் இனி டிவி ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். பாக்ஸ் ரிமோட்டை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள். டிவிக்கும் ஏசி3 தெரியாவிட்டால், பாக்ஸின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) ஏசி3 தெரிந்த ஹோம் தியேட்டருக்கு ஒரு வயர் இழுத்துப் பார்க்கலாம்.

ஏஏசி என்று இன்னொரு வடிவம் உண்டு. அதற்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. 2021 டிசம்பரில் ஜெர்மனியின் பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டி, தன் சேட்டிலைட் வானொலிகளை எம்பெக்கிலிருந்து ஏஏசிக்கு மாற்றியபோது, பழைய ரிசீவர் வைத்திருந்தவர்களுக்கு அந்த வானொலிகள் கேட்காமலே போயின.

புது சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அதே மாடலுக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த ஃபைல் என்றால் மட்டும் முயலுங்கள். வேறு மாடல் ஃபைலைப் போட்டாலோ, பாதியில் கரண்ட் போனாலோ, பாக்ஸ் மொத்தமாகப் படுத்துவிடும்.

எதுவும் பலிக்காமல் புது பாக்ஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையிலேயே உங்கள் ஊமைச் சேனலை ஓடவிட்டுக் கேளுங்கள். அதுவும் ஏவி வயரில். ஹெச்டிஎம்ஐயில் சத்தம் வந்தால் அது கடைக்காரர் டிவியின் கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம்.