மழைக்காலத்தில் வீட்டுக்குள் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மொட்டை மாடியில் சருகு அள்ளுவோம், ஒழுகும் இடத்தில் சிமெண்ட் பூசுவோம், தாழ்வான வீடு என்றால் வாசலில் மணல் மூட்டை அடுக்குவோம். வீட்டுக்குள் ஓடும் வயரிங்கை மட்டும் பலரும் பார்ப்பதில்லை. வெயில் காலம் முழுக்கத் தொந்தரவு தராத பழைய வயர், சுவர் ஊறியதும் ஆளைப் பிடித்துவிடும். மழை நாட்களில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கொஞ்சம் கவனம் இருந்திருந்தால் அவர்களில் பலர் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள். அதனால் இங்கே மின்சாரத்துக்குத்தான் முதலிடம்.

‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் தானே விழுந்துவிடும்’ என்று நம்புவதுதான் பெரிய தவறு. எம்.சி.பி. என்பது மெயின் போர்டில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்; லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டும் வரை அசையாது. ஆனால் ஓர் ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். மனிதரைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. கடைகளில் இன்னமும் இ.எல்.சி.பி. என்றும் கேட்பார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் பொருத்துவது வழக்கம். ஆள் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ வெளியே கசியும் மின்சாரம் அந்த அளவை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும்.

அதைப் பொருத்திவிட்டு மறந்துவிடுவது அடுத்த தவறு. அதன் முகப்பில் ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். ‘டக்’கென்று லீவர் கீழே விழ வேண்டும். சப்ளை இருந்தும் விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் வரும்போது எர்த் சரியாக இருக்கிறதா, இன்வெர்ட்டர் லைனும் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறதா என்று சேர்த்தே கேளுங்கள்.

இன்வெர்ட்டர் என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் உள்ளே வருகிறது என்றதும் மெயினை அணைத்துவிட்டு, இனி பயமில்லை என்று இறங்கி நடக்கிறார்கள். மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும்! அது ஓடும் வரை சில பிளக்குகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே இரண்டையும் அணைக்க வேண்டும், அதுவும் தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே. தண்ணீரில் நின்றபடிதான் மெயினைத் தொட முடியும் என்ற நிலை வந்துவிட்டால் கிட்டப் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, அவர்கள் பக்கம் சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள்.

துணி காயப்போடும் கொடிக்கம்பியையும் பாருங்கள். சர்வீஸ் வயர் வரும் பைப்பிலோ ஈ.பி. கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ ஒரு முனையைக் கட்டியிருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. வயரின் மேலுறை தேய்ந்த இடத்தில் மழை பட்டால் கம்பி முழுக்க மின்சாரம் பாயும். ஈரத்துணியோடு போகிறவர் கதி என்னவாகும்? கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள், அந்தப் பைப்பிலிருந்து தள்ளியே. யாராவது மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் கையால் இழுக்கக் கூடாது. சர்வீஸ் வயர் மெயினுக்கு முன்னால் வருவதால் மெயினை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும்; காய்ந்த கட்டையால் ஆளைக் கம்பியிலிருந்து விலக்குங்கள், மின்னகத்தையும் அழையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் அவசரம் வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி மூழ்கிய வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரமும் சேறும் இருக்கும். எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்க்கும் வரை பிளக்கில் சொருக வேண்டாம்.

அப்புறம் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடி தரைமட்டத்தில் இருந்தால் தெருத் தண்ணீரும் அதோடு சாக்கடையும் உள்ளே இறங்கியிருக்கும். தெளிந்துவிட்டதே என்று மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றினால் இரண்டும் பாழ். முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். குடிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பானால் போதாது, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

கொசு என்றதும் சாக்கடையைத்தான் கைகாட்டுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டை இழுத்துப் பாருங்கள், பல வீடுகளில் அங்கேதான் புழு நெளியும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை தேய்த்தே கழுவ வேண்டும்.

வளையில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேடு தேடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் தெரியாது என்பதால் எறும்பு கடித்தது என்று விட்டுவிடுகிறார்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் வந்ததும் வாட்டர் ஹீட்டர் ராடை எடுப்போம். பிளக்கில் இருக்கும்போதே சூடாகிவிட்டதா என்று தண்ணீரில் விரலை விடும் பழக்கம் உயிரை வாங்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியைத் தொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் அடுப்புக்கரி மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு படுப்பது இதைவிட மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கங்கு அறைக்குள் வரவே கூடாது, கூட இரண்டு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.