ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சபை வேலையோ, கிராம அபிவிருத்திச் சங்கம் எடுத்துச் செய்யும் வேலையோ, ஒழுங்கை பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் மட்டம் பார்க்காததுதான். குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் இருக்கும் தட்டை நிலம். மாரி மழைக்கு எந்த வளவுக்குள் வெள்ளம் நிற்கும் என்பதை இரண்டு அங்குல உயரமே தீர்மானித்துவிடும்.

முதல் தவறு, பழைய வீதியைக் கிண்டாமல் அதன்மேல் மக்கியை (வீதிக்கு அடியில் இடும் கல்மண்ணை) பரவி 5 அங்குலக் கொங்கிறீற் தட்டைப் போடுவது. இப்படி இரண்டு தரம் செய்தால் ஒழுங்கை ஏறத்தாழ ஓரடி உயர்ந்துவிடும், இரு பக்க வளவுகளும் குளமாகும். முன்பு கிடுகுவேலிக்குக் கீழால் வெள்ளம் வடிந்தது. இப்போது மதில் மறிக்கிறது. அதனால் வேலை தொடங்க முன்னரே ஒழுங்கையின் இரு முனையிலும், ஒவ்வொரு படலையடியிலும், வாய்க்கால் அடியிலும் மட்டம் எடுத்து எழுதி வையுங்கள். தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயால் மட்டம் பார்ப்பதானால் குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கவே கூடாது. ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய்யாகிவிடும். 10 அடி அகல ஒழுங்கையை ஒரு பக்கம் சாய்ப்பதென்றால் 3 அங்குலச் சரிவு போதும்.

வாய்க்காலை எப்போதும் தண்ணீர் போய்ச் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டி வரவேண்டும். மேலிருந்து தொடங்கினால் காசு முடியும் இடத்தில் வாய்க்காலும் முடியும், வெள்ளம் யாரோ ஒருவருடைய வாசலில் இறங்கும். 400க்கு 1 சரிவு வைத்தால் 100 மீற்றருக்கு 25 சென்ரிமீற்றர் இறங்கவேண்டும். தொடக்கத்தில் ஓரடி ஆழம் என்றால் முடிவில் ஏறத்தாழ இரண்டடி. அந்த ஆழத்தில் வெளியேற வழி உண்டா என்று முதலே பாருங்கள். பெரிய வீதி வாய்க்காலில் இணைப்பதானால், அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கா மாகாண வீதித் திணைக்களத்துக்கா உரியது என்று கேட்டு அனுமதி எடுக்கவேண்டும். வழியில்லை என்று குழி வெட்டி அதற்குள் விடுவது பெரும் பிழை. நம் நிலத்தடி சுண்ணக்கல், குழிக்குள் இறங்கும் அழுக்கு அயல் கிணறுகளுக்குப் போய்விடும்.

படலைக்கு முன்னால் வாய்க்காலை மூடி 4 அங்குலக் குழாய் ஒன்றைப் புதைப்பது எங்கும் நடக்கிறது. இரண்டு பொச்சும் ஒரு சொப்பிங் பையும் போதும், அது அடைத்துவிடும். குழாய்க்குப் பதிலாக மூடுதட்டுப் போடுங்கள். அதையும் நீளத்துக்கு ஒன்றாக வார்க்காதீர்கள், பிறகு வாய்க்காலைத் துப்புரவாக்க முடியாது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பில் கம்பி வளையத்தோடு வார்த்தால் ஒன்று 45 கிலோ அளவில் வரும், இருவர் தூக்கலாம். இந்தத் தட்டுகளுக்கும் மதகுகளுக்கும் உப்பேறிய கடற்கரை மணல் ஆகாது. உள்ளே கம்பி கறள்பிடித்துப் பொருமி, கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும்.

கலவையைத் தாச்சிக் கணக்கில் போடுவதை நிறுத்துங்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி செய்தால் அது ஒரு 50 கிலோ சீமெந்துப் பையின் கனஅளவு. 1:2:4 கலவைக்கு ஒரு பை சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி கருங்கற் சல்லி. தண்ணீர் பைக்கு 25 லீற்றர். மழையில் நனைந்த மணலென்றால் அந்த இரண்டு பெட்டிக்குள்ளேயே 5 லீற்றர் அளவு இருக்கும், அதைக் கழித்து 20 ஊற்றுங்கள். இழுத்து மட்டம் பண்ணச் சுகமாக இருக்கும் என்று மேசன்மார் இன்னொரு வாளி ஊற்றுவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. சீமெந்துப் பால் மேலே மிதந்து வரும், காய்ந்ததும் மேற்பரப்பு வழுவழுவென்று அழகாகத் தெரியும். ஆறு மாதத்தில் அதே இடம் சைக்கிள் ரயருக்குக் கீழே மாவாக உதிரும், பிறகு சல்லி தெரியும்.

5 அங்குலத் தட்டு கண்டபடி வெடிக்காமல் இருக்க 10 முதல் 12 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும். தடிப்பில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு ஆழம், வார்த்த அன்று பின்னேரம் அல்லது மறுநாள் காலை. மூன்றாம் நாள் வெட்டுவதில் பயனில்லை, அதற்குள் அது தன்பாட்டில் வெடித்திருக்கும். வெட்டும் இயந்திரம் கிடைக்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டம் கட்டமாக வார்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் சாக்குப் போட்டு ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா தெளிப்பது நம் வெயிலுக்குக் காணாது.

டிசெம்பர் 31க்குள் காசைச் செலவழிக்கவேண்டும் என்று கார்த்திகை மழைக்குள் வார்ப்பது எல்லாவற்றிலும் மோசமானது. ஊறிய மக்கியின்மேல் போட்ட தட்டு, மழை விட்டு நிலம் இறுகும்போது அடியில் பிடிப்பில்லாமல் நிற்கும். மதிப்பீட்டைத் தைக்கு முதலே ஆயத்தப்படுத்தி, ஆடி ஆவணிக்குள் வார்த்து முடிக்கவேண்டும். வாய்க்கால் தூர்வாருவதும் புரட்டாதிக்குள். வாரிய சேற்றைக் கரையில் குவித்தால் முதல் மழையோடு திரும்ப உள்ளே போகும், அன்றைக்கே ஏற்றுங்கள்.

குடிநீர் இணைப்பு இன்னும் எடுக்காத வீடுகள் இருந்தால், கொங்கிறீற் போட முன்னரே குறுக்காக வெறும் குழாய்களைப் புதைத்து, மதிலில் அடையாளம் இடுங்கள். புதுத் தட்டை வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டுத்தான் முதலில் தாழும்.

ஏழாம் நாள் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் விடலாம். ரிப்பரை 28 நாளுக்கு விடாதீர்கள். பக்கத்து ஒழுங்கை வேலைக்கு மக்கி ஏற்றி வரும் ரிப்பரும் இதில் அடக்கம். முகப்பில் இரண்டு பீப்பாய்களில் மண் நிரப்பி வைத்துவிட்டால் காவலுக்கு ஆள் தேவையில்லை.