முடிவுத் திகதி: யாழ்ப்பாணத்தில் வீட்டுத் திட்டங்களையும் அன்றாட வேலையையும் கையாளும் முறை

வீட்டு வேலை இழுபட்டால் முதலில் ஏச்சு வாங்குவது மேசன். வேலைத்தளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்த நாளில் யன்னல் அளவு முடிவாகியிருக்காது. பிளாற்றுக்கு (கொங்கிறீற் மேல்தளத்துக்கு) கம்பி கட்டி முடிந்த பிறகுதான் மின்விசிறிக் கொழுக்கி எங்கே என்ற கேள்வி எழும். கட்டடக் கலைஞரோ படவரைஞரோ, திட்டத்தைக் கையாள்வது என்றால் முதலில் முடிவுகளைக் கையாள்வதுதான்.

முடிவுப் பட்டியல்

ஒவ்வொரு வீட்டுக்கும் எக்செல்லிலோ ஒரு கொப்பியிலோ ஐந்து நிரல் போடுங்கள்: எதை முடிவு செய்ய வேண்டும், யார் சொல்ல வேண்டும், கடைசித் திகதி, சொன்ன திகதி, எந்தப் படத்தில் ஏற்றப்பட்டது. கடைசித் திகதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். அந்த வேலை தொடங்கும் நாளிலிருந்து பொருள் வந்துசேரும் காலத்தையும் படம் திருத்தும் இரண்டு மூன்று நாளையும் கழித்தால் திகதி கிடைக்கும். கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டிய பொருளுக்கு மேலும் ஒரு கிழமை விடுங்கள்.

கதவு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் பார்த்து நிலை வைத்தவுடன் அதன் அடிமட்டம் நிரந்தரமாகிவிடுகிறது. தரைக்கு ரைல்ஸ் பதிப்பது பல மாதங்களுக்குப் பிறகு. 10 மில்லிமீற்றர் ரைல்ஸ் என்று நினைத்து, அடியில் 30 மில்லிமீற்றர் சாந்துக்கு இடம்விட்டு நிலையை வைத்திருப்பார்கள். பிறகு வீட்டுக்காரர் 20 மில்லிமீற்றர் கிரனைற் வாங்கிவந்தால் தரை 10 மில்லிமீற்றர் உயரும்; ஓடாவி (தச்சர்) எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டும். மண்டபத்தில் மட்டும் கிரனைற் போட்டால் அறை வாசலில் படி விழும். குளியலறைத் தரை அறைத் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதும் இதே மட்டத்தோடு சேர்ந்த கணக்கு. ஆகவே ரைல்ஸின் நிறத்தை ஆறு மாதம் கழித்துக்கூடச் சொல்லலாம். தடிப்பை நிலை வைக்கும் நாளுக்கு முதல் சொல்லியே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டை வீட்டுக்காரருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினால், மற்ற முடிவுகளை அவரே நேரத்துக்குத் தருவார்.

இப்படி முந்திக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. கொமட்டின் கழிவு வாய் சுவருக்கா தரைக்கா, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது நிலத்தடிக் குழாய் போட முதல் தெரிய வேண்டும். மேல்தளத்துத் தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவு பொறியியலாளர் பீம் கணிக்க முதல் தேவை. 1000 லீற்றர் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். ஏசி பூட்டும் சுவரும் அதன் தண்ணீர் வடிகுழாயும் பூச்சுக்கு முதல். சூரிய மின்கலத்துக்கான வயர்க்குழாய் பிளாற் போட முதல்.

ஆண்டைப் பார்த்து அட்டவணை

ஐப்பசி, கார்த்திகை மழையை மறந்து போட்ட அட்டவணை யாழ்ப்பாணத்தில் நிற்காது. ஒக்ரோபர் நடுப்பகுதிக்கு முதல் அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேல் வந்து, உள்மண்ணும் நிரப்பி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். முடியாது போலிருந்தால் கிடங்கு வெட்டாமல் தையை எதிர்பார்ப்பதே நல்லது. தண்ணீர் நிறைந்த கிடங்கின் ஓரம் இடிந்து விழுந்தால் வெட்டுகூலி இரட்டிக்கும். தை மாசியில் தொடங்கி ஆவணிக்குள் கூரை ஏற்றுவது வசதியான ஓட்டம். மழைக்காலத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கொப்பளிக்கும்.

மார்கழியில் புதிய வேலை தொடங்கமாட்டார்கள். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஆட்கள் கிழமைக்கணக்கில் வரமாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் மணல் லொறி போகாது. நிலையம் எடுப்பது (காணியில் வீடு அமையும் இடத்தைக் குறிப்பது), அத்திவாரக்கல், கதவு நிலை, குடிபூரல் ஆகிய நான்குக்கும் வீட்டார் பார்த்த நாட்களைத் தொடக்கத்திலேயே கேட்டு அட்டவணையில் எழுதிவிடுங்கள். அவை அசையாத நாட்கள். மற்றவற்றை அவற்றுக்கு இசைவாக நகர்த்துங்கள்.

உறுதியும் அனுமதியும்

படம் கீற முதல் உறுதியை முழுதாக வாசியுங்கள். காணி அளக்கும் அலகான பரப்பில் இரண்டு வகை உண்டு, ஆகவே கணக்கில் தவறு நேர்வது சுலபம். வரகு விதைப்புப் பரப்பு 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர். அதில் ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச், 2722.5 சதுர அடி. நெல் விதைப்புப் பரப்போ 24 சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். பழைய உறுதியில் எந்தப் பரப்பு என்று பார்க்காமல் கீறினால் மூன்றில் ஒரு பங்கு நிலம் காகிதத்திலேயே காணாமல் போகும். அளவைப் படத்தை வைத்து மூலைக் கற்களை நேரில் நாடா பிடித்துச் சரிபாருங்கள்.

காணி பெரும்பாலும் மனைவியின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பத்தில் உறுதியில் உள்ளவரின் கையொப்பம் வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) எழுத நாளெடுக்கும், ஆகவே அதை முதற் கிழமையிலேயே தொடக்கிவிடுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு, அளவைப் படம், உறுதிப் பிரதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ திட்டமிடற் குழு கூடும் நாளைக் கேட்டறிந்து, அதற்கு முந்திய கிழமை கையளியுங்கள்; ஒரு நாள் பிந்தினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

நிலப்படத்தில் உங்கள் கிணற்றோடு அயல் வீட்டுக் கிணறுகளையும் குறியுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல்; மலகூடக் குழியின் கழிவு வெடிப்புகளினூடாக வேகமாக ஓடும். விதி கேட்கும் குறைந்த தூரத்தோடு நின்றுவிடாமல், காணி இடம் தரும் அளவுக்கு விலக்கி வையுங்கள்.

செல்லுபடியாகும் படம் ஒன்றே

தளத்தில் நடக்கும் தவறுகளில் பெரும் பங்கு பழைய படத்தால் வருகிறது. கோப்பின் பெயரிலேயே வீடு, தாள் எண், திருத்த எண், திகதி நான்கும் இருக்கட்டும்: ‘கோண்டாவில் - தாள் 12 - திருத்தம் 3 - 2025.06.11’ என்பதுபோல. ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்று பெயர் வைக்காதீர்கள். திருத்திய இடத்தை முகில் வடிவில் வளையமிட்டுக் காட்டுங்கள். புதிய தாளைக் கையில் கொடுக்கும்போதே பழையதை வாங்கிக் கிழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாது. மேசன் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அளவுக்கோடு வெளியே போய்விடும், பழைய படமும் அதே உரையாடலில் மேலே கிடக்கும்.

வாய்ச்சொல்லாகக் கொடுத்த எந்த மாற்றத்தையும் அன்றைக்கே தளத்துப் புத்தகத்தில் எழுதிக் கொந்தராத்துக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். கார்பன் வைத்து மூன்று பிரதி: ஒன்று தளத்துக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு. செலவு கூடுமா குறையுமா என்பதையும் அதே தாளில் எழுதினால் கடைசிப் பில்லில் சச்சரவு வராது.

நாளும் கிழமையும்

வீட்டுக்காரர் ரொறன்ரோவில் என்றால் இங்கே காலை 6.30, அங்கே குளிர்காலத்தில் முதல்நாள் இரவு 8, கோடையில் 9. தளத்துக்குப் போக முதல் பேசி முடிக்கலாம். இலண்டனுக்கு இங்கே மாலை 6.30 நல்லது, அங்கே மதியம் 1 அல்லது 2 மணி. பேசி முடித்தவுடன் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள்:

“அண்ணை, இண்டைக்குக் கதைச்சபடி மண்டபத்துக்கும் அறைகளுக்கும் ஒரே தடிப்பு, 10 மி.மீ ரைல்ஸ். 14ஆம் திகதி நிலை வைக்கிறம். மாத்திறதெண்டால் 10ஆம் திகதிக்கு முதல் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு மாத்தினால் கதவுச் செலவு கூடும்.”

காலை 7.30 முதல் 11 வரை தளங்கள். திசை பார்த்துச் சேருங்கள்: ஒரு நாள் வலிகாமம், ஒரு நாள் வடமராட்சி, ஒரு நாள் தென்மராட்சி. நெடுந்தீவு வேலை என்றால் குறிகட்டுவானில் படகு நேரம் பார்த்து முழுநாளையும் ஒதுக்குங்கள். பிற்பகலில் மூன்று மணி நேரம் தொலைபேசியைத் தள்ளிவைத்துப் படம் கீறுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் எல்லா வீடுகளின் முடிவுப் பட்டியலுக்கும்: அடுத்த இரண்டு கிழமைக்குள் கடைசித் திகதி வரும் எல்லாவற்றையும் உரியவருக்கு நினைவூட்டுங்கள்.

பிளாற் போடும் நாள்

திருத்தவே முடியாத வேலை இது. 1000 சதுர அடி, 5 அங்குலத் தடிப்பு என்றால் ஏறத்தாழ 417 கன அடி, அதாவது 4.2 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிறீற்றுக்குச் சுமார் 18 பை சீமெந்து. ஆக 75 பை, சேதத்தோடு 80. மணல் 2 கியூப், கல் 4 கியூப். பீமுக்குத் தனியாகக் கணக்குப் பாருங்கள். ஈர மணல் ஊதிப் பெருத்திருக்கும். பெட்டியால் அளக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் மணல் குறையும். கடலோரக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் கலவைக்கு எடுக்காதீர்கள், கம்பி துருப்பிடிக்கும்.

முதல்நாள் மாலை நாடாவோடு போய்க் கம்பி இடைவெளி, கவர் கட்டை (கம்பியைத் தட்டுப்பலகையில் படாமல் தாங்கும் சிறு கட்டை), மின்குழாய், கொழுக்கி, முட்டுகளைப் பாருங்கள். நாடா தெரியும்படி படமெடுங்கள். புத்தகத்தில் ‘கொங்கிறீற் போடலாம்’ என்று கையொப்பமிடாமல் மிக்சரைத் தொடக்க விடாதீர்கள்.

வெளியே நீட்டி நிற்கும் பிளாற்றில் பிரதான கம்பி மேலே இருக்க வேண்டும். கொங்கிறீற் கொண்டுவருபவர்கள் அதை மிதித்து மிதித்துக் கீழே அமுக்கிவிடுவார்கள். முட்டெடுத்த பிறகு சுவரோரம் மேற்பக்கத்தில் வெடிப்பு விழுவதற்கு இதுவே காரணம். தாங்கு கம்பி நெருக்கமாக வைத்து, நடக்க மேலே பலகை போட்டு, அந்த இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். கலவை இறுகுகிறது என்று தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். மேலதிக வைபிரேற்றர் ஒன்றும் மழைத்தாளும் தளத்தில் இருக்கட்டும். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்டுங்கள். முட்டெடுக்கும் திகதியை அன்றைக்கே சுவரில் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள்; தொலைபேசியில் கேட்டு எவரும் முந்தி எடுக்கமாட்டார்கள்.

கையளிக்கும்போது

குடிபூரலுக்கு இரண்டு கிழமை முதல் ஒவ்வோர் அறையாகக் குறைப்பட்டியல் எழுதுங்கள். அனுமதித்த படத்திலிருந்து கட்டடம் மாறியிருந்தால் இணக்கச் சான்றிதழ் (அனுமதித்தபடி கட்டியதற்குச் சபை தரும் சான்று) இழுபடும். மாறிய அன்றைக்கே திருத்தப் படம் கொடுத்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. பூச்சுக்கு முதல் எடுத்த சுவர்ப் படங்களையும், குழாய்கள் உண்மையில் போன பாதையைக் குறித்த படத்தையும் அச்சிட்டு வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு மெயின் சுவிச் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பிறகு சுவரில் துளை போட வருபவர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.