மூட்டுவலியோடு காய்ச்சலும் நீடித்தால் தொழுவத்தைப் பற்றியும் சொல்லுங்கள்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஓர் ஆடோ பசுவோ நிற்பது வழக்கம். அந்த வீட்டில் ஒருவருக்கு இடுப்பு வலித்தால், குனிந்து நிமிர்ந்து வெட்டியதால் வந்தது என்று எண்ணி எண்ணெய் தடவி உழிச்சலுக்குப் போகிறோம். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே இருக்கும். ஆனால் வலியோடு ஏறி இறங்கும் காய்ச்சலும், இரவில் படுக்கை நனையும் வியர்வையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உழிச்சலை நிறுத்திவிட்டு, ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் கருச்சிதைவு நோய் என்று சொல்வது இதைத்தான்.

1887-இல் மால்டாவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் பிரித்தெடுத்த, இந்நோயைத் தரும் பாக்டீரியா, காய்ச்சாத பால் வழியாகவும், கால்நடையின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடும்போது தோலின் கீறல் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. இளவயதினருக்கு முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டையும், வயதானவர்களுக்குக் கீழ்முதுகின் முள்ளெலும்புகளையும் இது அதிகம் தாக்கும். அரிதாக, காறையெலும்பு மார்பெலும்போடு சேரும் சிறு மூட்டிலோ, அறுவைசிகிச்சையில் பொருத்திய செயற்கை மூட்டிலோ தங்கிவிடும். செயற்கை மூட்டில் தங்கினால், மூட்டு தளர்ந்துவிட்டது என்று மட்டும் கருதப்பட்டுக் கிருமி கவனத்துக்கு வராமலே போகலாம்.

ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன், கடந்த ஆறு மாதங்களில் வீட்டிலோ அண்டையிலோ எந்தப் பசு கன்று வீசியது (கருச்சிதைந்தது), நஞ்சுக்கொடியை யார் அப்புறப்படுத்தினார்கள், காய்ச்சாத பாலை யார் குடித்தார்கள், காய்ச்சல் என்று தொடங்கியது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சந்தேகம் எழுந்தால்தான் இதற்கான இரத்தப் பரிசோதனை எழுதப்படும். இரத்தத்தையோ மூட்டு நீரையோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவதானால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுப்பது நல்லது. இக்கிருமி மெதுவாக வளர்வதாலும் ஆய்வகப் பணியாளரையே தொற்றக்கூடியதாலும், எந்தச் சந்தேகத்தில் அனுப்பப்படுகிறது என்று ஆய்வகத்துக்குத் தெரிவிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகெலும்பில் வரும்போது இது காசநோயைப் போலவே தோன்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதையும் ஓரளவு அடக்குவதால், நோய் தவறாகக் கணிக்கப்பட்டது தெரியாமலே பாதிக் குணம் கிடைக்கும். இந்த மயக்கம்தான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. முறையான சிகிச்சையில் டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசினோ, ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசியோ சேரும். வழக்கமாக ஆறு வாரங்கள், முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதங்கள் மருந்து தொடர வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கையுறை அணிந்தே பேறு பாருங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டால் போதும். அத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், கன்றைப் பிடித்திருப்பவரின் கையில் ஊசி தவறிக் குத்திவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.