ஸ்பானிஷ் தற்சுட்டு வினைகள்: விருப்ப வடிவம் அமைக்கும் முறை

தற்சுட்டு வினை என்பது செய்பவர் தன்னையே சுட்டும் வினை; விருப்ப வடிவம் (subjunctive) என்பது ‘நம்புகிறேன்’, ‘விரும்புகிறேன்’ போன்றவற்றுக்குப் பின் வரும் வினைவடிவம். ‘லெவான்தார்சே’ என்றால் எழுந்திருத்தல்; இது ஆர் என முடியும் வினை. நிகழ்காலத் தன்மை வடிவமான ‘மே லெவான்தோ’வில் கடைசி ஓ-வை எடுத்துவிட்டு ஏ சேருங்கள்: மே லெவான்தே, தே லெவான்தேஸ், சே லெவான்தே, நோஸ் லெவான்தேமோஸ், சே லெவான்தேன். எர், இர் என முடியும் வினைகளுக்கு ஏ-வுக்குப் பதில் ஆ.

மே (என்னை), தே (உன்னை), சே (தன்னை), நோஸ் (நம்மை) ஆகியவை வினைக்கு முன்னால் தனியாக நிற்கும். தமிழில் இதற்குத் தனிச்சொல் வேண்டாததால் நாம் விட்டுவிடுகிறோம். விட்டால் வேறெதையோ தூக்குவதாகப் பொருள் மாறும்.

காட்பாடியில் இறங்க வேண்டிய நண்பரிடம்: ‘எஸ்பேரோ கே நோ தே துவேர்மாஸ்’, நீ தூங்கிவிட மாட்டாய் என நம்புகிறேன். ‘நாம்’ வடிவம்தான் உண்மையான கண்ணி: நோஸ் துர்மாமோஸ் என்பதே சரி, துவேர்மாமோஸ் தவறு. ‘அகோஸ்தார்சே’ (படுத்தல்) ஆர் வினை, எனவே நோஸ் அகோஸ்தேமோஸ். ‘நோஸ் சென்தேமோஸ்’ உட்காருவது, ‘நோஸ் சின்தாமோஸ்’ உணர்வது. இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மரியாதைக் கட்டளையில் சே பின்னால் ஒட்டும்: லெவான்தேசே. மறுத்தால் மீண்டும் முன்னால்: நோ சே லெவான்தே.